அக்காவைக் கேளுங்க: அல்பாக்கா பண்ணையில ஒரு ராத்திரி

ரெண்டு இதழுக்கு முன்னால ஒருத்தர் ஆர்வி, அதான் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கற வீட்டு வண்டி, எடுத்து வெளிநாட்டுல சுத்தறதப் பத்திக் கேட்டிருந்தாங்க, நான் பதில் சொல்றப்போ போற போக்குல அமெரிக்காவுல அல்பாக்கா (ரோமத்துக்காக வளர்க்கற, ஒட்டகக் குடும்பத்து மிருகம்) பண்ணையில கூட வண்டியப் போட்டுத் தூங்கலாம்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கடிதம் பூரா அல்பாக்காவப் பத்தியே. சரி, இந்த வாரம் வேற எதுவும் வேணாம், இதையே பேசிடுவோம்.

கேள்வி: அக்கா, என் மக ஓரிகன்ல இருக்கா. ஜூன் மாசம் நாங்க போறோம். மருமகன் பெரிய ஆர்வி ஒண்ணு வாடகைக்கு எடுத்திருக்காராம், ஒரு ராத்திரி அல்பாக்கா பண்ணையில தங்கப் போறோம், தங்கறதுக்குக் காசு கிடையாதுன்னு சொல்றார். காசு வாங்காம யாராவது தன் நிலத்துல படுக்க விடுவாங்களா? கூட என் மாமியாரும் வர்றாங்க, 74 வயசு. எனக்கு யோசனையாவே இருக்கு. (ஒரு குடும்பத்தலைவி, செந்தூல்)

பதில்: பயப்பட வேணாம்மா, மருமகன் சொல்றது உண்மைதான், ஆனா பாதியத்தான் சொல்லியிருக்கார். அங்க ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்னு ஒரு சந்தாத் திட்டம் இருக்கு, 2009ல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி உறுப்பினரா ஆயிட்டீங்கன்னா அதுல சேர்ந்திருக்கற பண்ணை, திராட்சைத் தோட்டம், பியர் காய்ச்சற இடம், மியூசியம் மாதிரி இடங்கள்ல ஒரு ராத்திரி வண்டிய நிறுத்திக்கலாம். இடத்துக்கு வாடகை இல்ல. ஆனா கைய வீசிக்கிட்டுப் போயிட்டு கைய வீசிக்கிட்டே வர்றது மரியாதை இல்ல, அங்க விக்கற பொருள்ல எதையாவது வாங்கணும், 30 டாலர் அளவுக்காவது வாங்குங்கன்னுதான் உறுப்பினர்கள்கிட்ட சொல்றாங்க. பண்ணைக்காரங்களுக்கு அதுதான் வருமானம். அவங்க கடைக்கு ஆள் வருது, உங்களுக்குப் படுக்க இடம் கிடைக்குது, கணக்கு சரியாப் போச்சு. ஆக உங்க பட்ஜெட்ல அந்த ராத்திரிக்கு சைபர் போடாதீங்க, 30 டாலர்னா நம்ம மலேசியக் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேல, இப்பவே ஒதுக்கி வச்சிடுங்க.

இதுல பல பேருக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. அது கேம்ப்சைட் கிடையாது. கரண்டு பாயிண்ட் இருக்காது, தண்ணிப் பைப்பு இருக்காது, கக்கூஸ் குளியலறை எதுவும் இருக்காது. உங்களுக்குக் கிடைக்கறது சமதளமா ஒரு புல்தரையோ, களஞ்சியத்துக்குப் பக்கத்துல கல்லு போட்ட ஒரு இடமோ, அவ்வளவுதான். அதனாலதான் வண்டியிலயே கக்கூஸ், தண்ணி டேங்க், கழிவு டேங்க், உள்ளுக்குள்ளயே அடுப்பு, இது எல்லாம் இருந்தாத்தான் விடுவாங்க. கூடாரம் அடிக்கறவங்களுக்கு அனுமதி இல்ல. உங்க மாமியாருக்கு ராத்திரி எழுந்திருக்கற பழக்கம் இருந்தா கவலை இல்ல, கக்கூஸ் நாலு எட்டுலதான் இருக்கும். ஆனா ஆர்வியோட வாசப்படி உயரம், முட்டி வலி இருக்கறவங்க ஏறி இறங்கத் திணறுவாங்க, வண்டிய வாடகைக்கு விடறவங்கள்ட்ட ஒரு மடக்கு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க மருமகன்கிட்ட. வண்டி மேல இருக்கற படுக்கைய, அதான் டிரைவர் தலைக்கு மேல இருக்குமே, அதை அவங்களுக்குக் குடுத்துடாதீங்க, ஏணி ஏறணும். பின்னால கீழ் மெத்தை அவங்களுக்கு.

முக்கியமான விஷயம் நேரம். முன்கூட்டியே கேட்டு அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் போகணும், சொன்ன நேரத்துக்குப் போகணும், வெளிச்சம் இருக்கறப்பவே போய்ச் சேரணும், லேட்டாகும்னா ஃபோன் போட்டுச் சொல்லிடணும். நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்குப் போற மாதிரி ஏழு மணின்னா எட்டரைக்குப் போய் நிக்காதீங்க, பண்ணைக்காரங்க விடியறதுக்கு முன்னால எழுந்து வேலை பாக்கறவங்க, ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடிச்சு உங்களுக்கு வழி காட்டணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து. அதே மாதிரி போய் இறங்கினதும் நாற்காலி மேசை பார்பிக்யூ அடுப்பு எல்லாத்தையும் வெளிய பரப்பிட வேணாம், வேணும்னா கேட்டுட்டுப் பண்ணுங்க. ஒரு ராத்திரி, மறுநாள் காலையில பசியாறிட்டுக் கிளம்பிடணும்.

இன்னொண்ணு, ஜூன்ல போறீங்கன்னு சொன்னீங்க. அல்பாக்காவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முடி வெட்டுவாங்க, வெயில் ஏறறதுக்கு முன்னால, வசந்த காலத்துல. ஜூன்ல நீங்க பாக்கறப்போ பெரும்பாலும் மொட்டை அடிச்சு கழுத்து நீட்டிக்கிட்டு நிக்கும், தலையில மட்டும் ஒரு குடுமி. பேரப்பிள்ளைங்க ஃபோட்டோவுல பாத்த பஞ்சு மூட்டைய எதிர்பார்த்து ஏமாந்துடப் போறாங்க, முதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: ஆர்வியில ரைஸ் குக்கர் வேலை செய்யுமா? எங்க வீட்டுக்காரருக்கு மூணு வேளையும் சோறு வேணும். இன்னொரு கேள்வி, கேக்கவே கூச்சமா இருக்கு, கக்கூஸ்ல தண்ணி ஊத்திக் கழுவலாமா? (ஜெலுத்தோங்)

பதில்: கூச்சப்படாதீங்க, இதுதான் இந்த வாரத்தோட நல்ல கேள்வி. வெள்ளைக்காரங்க எழுதற வழிகாட்டியில இது இருக்காது.

முதல்ல குக்கர். பண்ணையில கரண்டு கிடையாது, வண்டியோட பேட்டரியில விளக்கு, தண்ணி பம்பு, ஃபேன் இதெல்லாம் ஓடும், அது 12 வோல்ட். சுவத்துல இருக்கற சாதாரண சாக்கெட்டு ஜெனரேட்டர் போட்டாத்தான், இல்ல பெரிய இன்வெர்ட்டர் இருந்தாத்தான் வேலை செய்யும். ஜெனரேட்டர் போட்டா சத்தம், பண்ணையில அதப் போடறதுக்கு முன்னால கேக்கணும், ராத்திரியில போடவே கூடாது. அதுவும் இல்லாம நீங்க இங்கேருந்து தூக்கிட்டுப் போற குக்கர் 240 வோல்ட்டு, அமெரிக்காவுல 120 தான், சோறு வேகறதுக்குள்ள விடிஞ்சிடும். அதனால பேசாம ஒரு மூடி போட்ட பாத்திரம் எடுத்துக்குங்க, கேஸ் அடுப்புல வடிச்சுடலாம். வடிச்ச கஞ்சிய வெளிய புல்லுல ஊத்தாதீங்க, பாத்திரம் கழுவற தண்ணியும் அப்படித்தான், எல்லாம் டேங்க்குக்குள்ளதான் போகணும். சம்பல் தாளிக்கறப்போ மேல இருக்கற ஃபேனைப் போட்டு ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்க, வண்டிக்குள்ள கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், புகை அலாரம் எல்லாம் இருக்கும், மொளகா வாடைக்கு எதாவது ஒண்ணு கத்தும், அது கத்துதேன்னு பேட்டரியக் கழட்டி வச்சிடாதீங்க, தூங்கறப்போ உசுரக் காப்பாத்தறது அதுதான்.

இப்போ கக்கூஸ். தாராளமா கழுவலாம். ஆர்வியில ரெண்டு கழிவு டேங்க் இருக்கும், சிங்க்கு, குளியல் தண்ணி ஒண்ணுல, கக்கூஸ் இன்னொண்ணுல. கக்கூஸ் டேங்க்ல தண்ணி கொஞ்சம் கூடவே போறதுதான் நல்லது, தண்ணி பத்தலைன்னாத்தான் உள்ள காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு நாத்தம் எடுக்கும். அதனால ஒரு சின்ன குவளை வச்சுக்குங்க, அங்க ஹோஸ் இருக்காது. ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு, நல்ல தண்ணி டேங்க்ல இருக்கறது அவ்ளோதான், ரெண்டு பேர் நம்ம ஊர்க் குளியல் போட்டா டேங்க் காலி. உடம்ப நனைச்சுட்டு மூடுங்க, சோப்பு போடுங்க, திரும்பத் திறந்து கழுவுங்க. கழிவு டேங்க்கை அதுக்குன்னு இருக்கற டம்ப் ஸ்டேஷன்லதான் திறக்கணும், பண்ணையில ஒரு சொட்டு கூட விடக்கூடாது. பண்ணைக்குப் போறதுக்கு முன்னால நல்ல தண்ணி நிரப்பி, கழிவக் காலி பண்ணிட்டுப் போனீங்கன்னா ஒரு ராத்திரிக்கு எந்தக் கவலையும் இல்ல.

கேள்வி: ஆன்ட்டி, அல்பாக்கா துப்புமாமே? லாமாவும் அல்பாக்காவும் ஒண்ணா? (பிரிக்ஃபீல்ட்ஸ், வயசு 11)

பதில்: தம்பி, ரெண்டும் ஒட்டகக் குடும்பம், பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலைக்காரங்க. ஒண்ணு இல்ல. லாமா பெரிசு, சுமை தூக்கறதுக்கு வளர்த்தாங்க, அல்பாக்கா அதுல பாதி எடைதான், ரோமத்துக்காக வளர்த்தாங்க. ஃபோட்டோவுல கண்டுபிடிக்கணும்னா காதப் பாரு, லாமா காது உள் பக்கமா வளைஞ்சு வாழைப்பழம் கணக்கா இருக்கும், அல்பாக்காவுக்கு நேரா, கூரா, சின்னதா. அல்பாக்காவுலயே ரெண்டு ஜாதி, புசுபுசுன்னு இருக்கறது வாக்காயா, முடி சடை சடையாத் தொங்கறது சூரி.

துப்பும். ஆனா பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணு துப்பிக்கும், தீனிக்குச் சண்டை வந்தா. நீ நடுவுல நின்னா உனக்கும் கிடைக்கும், பச்சையா, வயித்துலேருந்து வர்றது, நாத்தம் தாங்காது. காத பின்னால மடக்கி மூக்க மேல தூக்குச்சுன்னா நகந்துடு. பண்ணைக்காரங்க இந்தத் துப்பறத வச்சே ஒரு சோதனை பண்றாங்க, கிடாவப் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்துவாங்க, பொட்டை எட்டி உதைச்சுத் துப்பி விரட்டினா அது சினையா இருக்க வாய்ப்பிருக்குன்னு அர்த்தம். குட்டி பிறக்க பதினொரு மாசத்துக்கு மேல ஆகும்.

தீனி குடுக்கறப்போ உள்ளங்கைய விரிச்சுக் குடு, பண்ணையில குடுக்கற தீனிய மட்டும் குடு, ரொட்டி பிஸ்கட்டு எல்லாம் வேணாம். தலையத் தொட்டா அதுக்குப் பிடிக்காது, கழுத்துல தொடு. பின்னாலேருந்து போகாத. குட்டியக் கட்டிப்பிடிச்சு விளையாடாத, மனுசங்களோட ரொம்பப் பழகற ஆண் குட்டி பெரிசாச்சுன்னா மனுசனையும் இன்னொரு கிடான்னு நினைச்சு முட்ட ஆரம்பிச்சிடும். எல்லாம் முடிஞ்சு சோப்பு போட்டுக் கை கழுவு, அப்புறம்தான் வாயில எதையும் வைக்கணும்.

கேள்வி: நாங்க போன வருஷம் கொலராடோவுல அப்படி ஒரு பண்ணையில தங்கினோம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், திடீர்னு கீச்சுன்னு விட்டு விட்டு ஒரு சத்தம், அப்புறம் நாய் குலைக்க ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நிறுத்தவே இல்ல. என் மனைவி கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. என்ன சத்தம் அது? (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: சார், கவசம் சொன்னது நல்லதுதான், ஆனா சத்தம் போட்டது அல்பாக்காதான். சாதாரணமா அது ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருக்கும், தாய் குட்டியக் கூப்பிடறதும் அப்படித்தான். ஆனா நரி, கொயோட்டி, தெரியாத நாய் இது மாதிரி எதையாவது பாத்துட்டா ஒண்ணு எச்சரிக்கைக் குரல் குடுக்கும், உடனே கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கமே திரும்பி நிக்கும். அதக் கேட்டுட்டு காவல் நாய் குலைச்சிருக்கும். அங்க பல பண்ணையில கிரேட் பைரனீஸ்னு வெள்ளையா பெரிய நாய் வச்சிருப்பாங்க, ராத்திரி பூரா குலைக்கறதுதான் அதோட உத்தியோகமே, தூரத்துலயே நான் இருக்கேன்னு காட்டறதுக்கு. சில இடத்துல லாமாவையே காவலுக்குப் போட்டிருப்பாங்க.

அமைதியாத் தூங்கணும்னு பண்ணைக்குப் போறவங்க காதுக்குப் பஞ்சு எடுத்துட்டுப் போகணும், விடியக்காலை சேவல், டிராக்டர் எல்லாம் வேற இருக்கு. எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவங்க தொந்தரவுன்னு குறை எழுதறதப் பாத்தாத்தான் எரிச்சலா வரும், அது அவங்க வேலை பாக்கற இடம் சார், நாமதான் ராத்திரிக்கு வந்து படுத்தோம். நாய் வளர்க்கறவங்க இன்னொண்ணு கவனிக்கணும், வண்டியில சொந்த நாய் இருந்தா முன்கூட்டியே கேளுங்க, வேலிப் பக்கம் கொண்டு போகாதீங்க, நம்ம நாய் சாதுவா இருக்கலாம், அல்பாக்காவுக்கு அது ஓநாய்தான்.

கேள்வி: நிபோங் திபால்ல எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நிலம் சும்மா கிடக்கு. அல்பாக்கா வாங்கி விட்டு இதே மாதிரி ஆர்வி ஆளுங்களத் தங்க வச்சா ஓடுமா? என் தம்பி துடியா நிக்கிறான்.

பதில்: தம்பிய உக்கார வச்சு ஒரு தே ஓ ஐஸ் வாங்கிக் குடுத்துட்டு இந்தக் கணக்கக் காட்டுங்க. அமெரிக்காவுல அல்பாக்கா வளர்க்கறவங்க வெப்பத்துக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பாரன்ஹீட்டுல வெப்பநிலை, அதோட காத்துல இருக்கற ஈரப்பத சதவீதம், ரெண்டையும் கூட்டணும். 120க்குக் கீழ இருந்தா பிரச்சனை இல்ல, 150 தாண்டினா கவனமா இருக்கணும், 180னா உசுருக்கே ஆபத்து. உங்க நிபோங் திபால் இருக்கற பினாங்குல மத்தியானம் 32 டிகிரி, அதாவது பாரன்ஹீட்டுல 90, ஈரப்பதம் 65ன்னு வச்சாலே 155. சரி ராத்திரியில குளிருமேன்னு கேப்பான். ராத்திரி 25 டிகிரி, அது 77, ஈரப்பதம் 90க்கு மேல போயிடும், கூட்டினா 167. பாத்தீங்களா, நம்ம ஊர்ல ராத்திரி கூட அதுக்கு ஓய்வு இல்ல. அங்கயும் கோடையில சூடு ஏறும்தான், ஆனா பொழுது சாஞ்சதும் இறங்கிடும், மிருகம் மூச்சு விட்டுக்கும்.

ஆண்டிஸ்ல கடல் மட்டத்துலேருந்து 3500, 4000 மீட்டர் உயரத்துல, ராத்திரியில உறையற குளிர்ல வாழப் பழகின உடம்பு அது. இங்க வச்சா கொட்டகை, பெரிய ஃபேன், ஏர்கான்னு ஓட்டிக்கிட்டே இருக்கணும். தண்ணி அடிச்சு நனைச்சுடலாமேன்னு தோணும், முதுகுல நனைச்சா ஈர ரோமம் சூட்ட உள்ளயே பிடிச்சு வச்சுக்கும், வயித்துப் பக்கம், காலுதான் நனைக்கணும், அங்கதான் ரோமம் கம்மி. இதெல்லாம் தெரிஞ்ச கால்நடை டாக்டர் நிபோங் திபால்ல கிடைப்பாரா? அதோட ஒண்ணு மட்டும் வாங்கி விடவும் முடியாது, கூட்டமா வாழற ஜீவன், தனியா விட்டா ஏங்கிப் போயிடும். வெளிநாட்டுலேருந்து கொண்டு வர இறக்குமதி பெர்மிட், தனிமைப்படுத்தல் செலவு தனி.

ஆட்ட வாங்கி விடச் சொல்லுங்க. ஆடு இந்த மண்ணுக்குத் தெரிஞ்ச ஜீவன், தீபாவளிக்கும் விலை போகும், ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் போகும், ஆர்வி வந்தாலும் வராட்டியும்.

கேள்வி: பண்ணைக் கடையில என்ன வாங்கலாம்? என் மச்சினி அல்பாக்கா புழுக்கை உரம் பிரமாதம், கறிவேப்பிலைக்கு ஒரு பாக்கெட்டு கொண்டு வாங்கன்னு சொல்றா. (பாயான் லெப்பாஸ்)

பதில்: மச்சினி சொல்றது பொய் இல்ல. அல்பாக்கா கண்ட இடத்துல போடாது, கூட்டத்துக்கே ஒரே இடம், எல்லாம் வரிசையில நின்னு போடும், அதனால அள்றதும் சுலபம். மாட்டுச் சாணிய மக்க வைக்கற மாதிரி இத மக்க வைக்க வேணாம், நேராச் செடிக்கே போடலாம்னு சொல்லி பாக்கெட்டு போட்டு விக்கறாங்க. அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிக் குடுங்க. மலேசியாவுக்குள்ள மிருகச் சாணத்தப் பெட்டியில வச்சு எடுத்து வர்ற வேலையே வேணாம், கறிவேப்பிலைக்கு ஆட்டுப் புழுக்கை பாலிக் புலாவ்லயே கிடைக்கும். வெட்டி அப்படியே மூட்டை கட்டின கழுவாத ரோமமும் அதே மாதிரிதான், வேணாம்.

சாக்ஸ், தொப்பி, நூல்கண்டு, இதெல்லாம் பிரச்சனை இல்லாத சாமான். சாக்ஸ் ஒரு ஜோடியே 20, 30 டாலர் சொல்வாங்க, ஒண்ணு ரெண்டு ஜோடி வாங்கினா அந்த 30 டாலர் கடமை முடிஞ்சிடும். லேபிளத் திருப்பிப் பாருங்க, பண்ணைக் கடையில தொங்கற எல்லாமே அந்தப் பண்ணை அல்பாக்காவோடதுன்னு நினைச்சுக்காதீங்க, பெருவுலேருந்து வர்ற சரக்கும் கலந்து தொங்கும், தப்பில்ல, ஆனா அங்க வெட்டின ரோமத்துல செஞ்சதுதான் வேணும்னா வாய் விட்டுக் கேளுங்க, சந்தோஷமா எடுத்துக் காட்டுவாங்க, சில பேர் எந்த அல்பாக்காவோடதுன்னு பேர் கூடச் சொல்வாங்க. சாக்ஸ்ல நைலான் கொஞ்சம் கலந்திருக்கும், அது ஏமாத்து இல்ல, இல்லாட்டி குதிகால்ல சீக்கிரம் ஓட்டை விழுந்துடும். ஆட்டுக் கம்பளியில இருக்கற லேனோலின் எண்ணெய் இதுல இல்ல, அதனால கம்பளி போட்டா அரிக்குதுன்னு சொல்றவங்க பல பேருக்கு இது ஒத்துக்கும். பாயான் லெப்பாஸ் வெயிலுக்கு யார் போடறதுன்னு கேக்காதீங்க, உங்க ஃபேக்டரி ஏர்கானுக்குப் போடுங்க.

போறப்போ நீங்க எடுத்துட்டுப் போற சாமான் மேலயும் கண்ணு வையுங்க. கோழி செருண்டிங், இறைச்சி கலந்த எதுவும் அமெரிக்காவுக்குள்ள வேணாம். சாப்பாட்டுச் சாமான் எதுவா இருந்தாலும் மறைக்காம டிக்ளேர் பண்ணிடுங்க, பிடுங்கிப் போட்டா சம்பல்தானே போச்சு, மறைச்சா அபராதம். சமீபத்துல ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணை போயிருந்தா அதையும் கேப்பாங்க, ஆமான்னு சொல்லிட்டு ஷூவ சுத்தமாக் கழுவிப் போட்டுட்டுப் போங்க.

கேள்வி: நம்ம லைசென்ஸ் வச்சு அங்க ஆர்வி ஓட்டலாமா? (கெப்போங்)

பதில்: ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) சர்வதேச லைசென்ஸ் எடுத்துக்குங்க, நம்ம லைசென்ஸும் கையில இருக்கணும். வாடகைக்கு வர்ற ஆர்வி பெரும்பாலும் சாதாரண கார் லைசென்ஸுக்கே குடுப்பாங்க, இருந்தாலும் வாடகைக் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும், வண்டி உயரம் எவ்வளவுன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கண்ணாடியில ஒட்டிக்குங்க, பெட்ரோல் ஸ்டேஷன் கூரையும் பாலமும் யாருக்காகவும் குனியாது. விசா மலேசியர்களுக்குக் கட்டாயம், துன் ரசாக் சாலை தூதரகத்துல நேர்காணல், டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னால அத முடிங்க.

கேள்வி: அமெரிக்கா எல்லாம் நமக்கு எங்க அக்கா. இங்கயே வேன்ல படுத்துத் தூங்கற மாதிரி ஒரு பண்ணை அனுபவம் கிடைக்காதா? (சுங்கை ஆரா)

பதில்: ஏன் கிடைக்காது. ஜூன், ஜூலைல பாலிக் புலாவ்ல டுரியான் விழற நேரம், தோட்டக்காரர் யாராவது தெரிஞ்சவர் இருந்தா முன்கூட்டியே கேட்டு, அவர்கிட்டயே பழம் வாங்கிச் சாப்பிட்டு, அனுமதியோட ஒரு ராத்திரி வேனை அங்கயே போடலாம். முறை அதேதான், வெளிச்சத்துலயே போகணும், குப்பைய எடுத்துட்டு வரணும், காசு குடுத்து வாங்கணும். வேனை எங்க நிறுத்தறதுன்னு மட்டும் தோட்டக்காரரையே காட்டச் சொல்லுங்க, டுரியான் பெரும்பாலும் ராத்திரியிலதான் விழும், கூரை மேல விழுந்தா ஒர்க்‌ஷாப் பில்லு பழத்த விட எகிறிடும்.